கைவேலை அறைக்கு வீட்டுச் சாமானே போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பாட்டில், டப்பா, ஷூ பெட்டி இவற்றை வைத்துத்தான் என் கைவேலைச் சாமான்களை அடுக்கியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? டப்பாவெல்லாம் கழுவி ரெடியா வச்சிருக்கேன்.

டப்பாவை ஓரமாக வையுங்கள். முதலில் தரையில் ஒரு பழைய போர்வையை விரித்து, இருக்கிற சாமான் அத்தனையையும் அதில் கொட்டி, வகைவாரியாகக் குவியல் போடுங்கள். நான் முதல்முறை அப்படிக் கொட்டியபோது நான்கு இஞ்ச் டேப் கிடைத்தது. ஒவ்வொன்றையும் தொலைத்துவிட்டதாக நினைத்து அடுத்ததை வாங்கியிருக்கிறேன்.

குவியலைப் பார்த்த பிறகுதான் எந்த அளவில் எத்தனை டப்பா வேண்டும் என்பதே தெரியும். டப்பாவை முதலில் சேர்த்தவர்கள் அதை நிரப்புவதற்காகச் சாமான் சேர்ப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான்.

தனி அறையெல்லாம் கிடையாது. சாப்பாட்டு மேசையிலதான் உட்கார்றேன். எனக்கு இது ஒத்துவருமா?

உங்களுக்குத்தான் ரொம்ப ஒத்துவரும். ஆனால் சாமானை வகைப்படி பிரிக்காமல் வேலைப்படி பிரியுங்கள். இப்போது கையில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கான துணி, நூல், ஊசி, மாதிரிப் படம், கத்தரிக்கோல் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். அது சின்ன சூட்கேஸோ, பெரிய பிஸ்கட் டின்னோ, டிபன் கூடையோ, எதுவானாலும் சரி. ஒரு கையால் தூக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

மீதிச் சாமானுக்குக் கதவின் பின்புறம் இருக்கிறது. செருப்பு வைப்பதற்கென்று வரிசையாகப் பைகள் தைத்த தொங்கும் துணி உங்களிடம் இருந்தால், பைக்கு ஒரு வகை என்று போட்டுக்கொள்ளலாம். கீழ் வரிசைகளில் கூரான எதையும் வைக்காதீர்கள்.

எந்தச் சாமானுக்கு எந்த டப்பா? ஒரு லிஸ்ட் கொடுத்தா நல்லா இருக்கும்.

லிஸ்ட் கொடுத்தால் அதில் இருக்கும் டப்பாவைத் தேடி அலைவீர்கள். அதற்குப் பதில், ஒரு பாத்திரம் வீட்டில் இதுவரை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். தட்டு கவிழ்க்கும் கம்பிக் கூடை தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சாயாமல் நிமிர்த்திப் பிடிக்கிறது. கான்வாஸ் போர்டையும் எம்பிராய்டரி வளையத்தையும் அதே மாதிரி பிடிக்கும். கரண்டி, ஸ்பூன் பிரித்து வைக்கும் ட்ரே நீளச் சாமான்களுக்கென்றே பிறந்தது. குரோஷே ஊசி, ஸ்கேல், கட்டர் மூன்றும் அதில் அழகாக உட்காரும். பேன்ட் மாட்டும் கிளிப் ஹேங்கரில் ஸ்டென்சிலும் தையல் அளவுக் காகிதங்களும் மடங்காமல் தொங்கும். அஞ்சறைப்பெட்டியில் பட்டன் போட்டுப் பாருங்கள். பிரிவுகளும் இருக்கும், மூடியும் இருக்கும், பெட்டியே வட்டமாகக் கையில் அடங்கும்.

தோற்றுப்போன யோசனைகளும் உண்டு. டிஷ்யூ ரோல் குழல்களைத் தேன்கூடு மாதிரி ஒட்டிப் பேனா ஸ்டாண்ட் செய்தேன். படம் எடுக்க நன்றாக இருந்தது, ஒரு மாதத்தில் நசுங்கிவிட்டது. ஆனால் அதே குழலை நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டி, சுருட்டிய காகிதத்தின் மேல் வளையல் போலப் போட்டால் காகிதம் பிரியவே பிரியாது.

மணி, சீக்வின் எல்லாம் ஐஸ் ட்ரேல போட்டேன். கை தட்டி எல்லாம் கலந்துபோச்சு. வேற வழி?

ஐஸ் ட்ரே மேல் தவறில்லை, அதை மேசைமேல் திறந்து வைத்ததுதான் தவறு. மூடியில்லாத எதுவும் டிராயருக்குள் மட்டுமே இருக்க வேண்டும். வெளியே வைப்பதற்குக் கிழமைவாரியாக 7 அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி நல்லது, ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி உண்டு. அறையின் ஆழம் ஒரு விரல் கணுவுக்கு மேல் போகாமல் பாருங்கள். ஆழமான டப்பாவில் மணியைத் தேடினால் மேலே இருப்பதுதான் திரும்பத் திரும்பக் கைக்கு வரும்.

முட்டை அட்டையைப் பற்றியும் கேட்கிறார்கள். பேப்பர் கூழில் செய்த அட்டையைக் கழுவ முடியாது, பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். சின்னக் குழந்தைகள் கை வைக்கும் இடத்தில் அது வேண்டாம். பிளாஸ்டிக் முட்டைத் தட்டு என்றால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம்.

கண்ணாடி பாட்டில்ல லேபிள் பிசுக்கு போகல. ஊறுகாய் வாசனையும் போகல.

வெந்நீரில் அரை மணி நேரம் ஊறினால் காகிதம் வந்துவிடும், பசை நிற்கும். அந்தப் பசை பெரும்பாலும் தண்ணீரில் கரையாத வகை, எண்ணெய்க்குத்தான் மசியும். சமையல் எண்ணெயையும் சமையல் சோடாவையும் சம அளவு குழைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் உருண்டு உருண்டு வரும். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

வாசனை கண்ணாடியில் இருப்பதில்லை. மூடியின் உட்புறத்தில் மெத்தென்று ஒரு வளையம் இருக்கும், அதுதான் எண்ணெயையும் மணத்தையும் உறிஞ்சி வைத்திருப்பது. மூடியை மட்டும் தனியாகச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து வெயிலில் காயவிடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் அந்தப் பாட்டிலைக் குண்டூசிக்கும் ஆணிக்கும் கொடுங்கள். நூலுக்கோ துணிக்கோ கொடுத்தால் அவையும் ஊறுகாய் ஆகிவிடும்.

நூலையெல்லாம் கண்ணாடி பாட்டில்ல கலர் கலரா அடுக்கினா அழகா இருக்கே, செய்யலாமா?

ஜன்னல் வெளிச்சம் படாத சுவர் என்றால் செய்யலாம். நான் ஜன்னலோரத்தில் அடுக்கினேன். ஒரு கோடை முடிந்து சிவப்பு நூல்கண்டை எடுத்தால், வெளிப்பக்கம் சாயம்போன ரோஜா நிறம், புரட்டினால் பழைய சிவப்பு. கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். தவிர, சாயத்தை வெளுக்கக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே போதும்.

கண்ணாடிக்கு ஏற்றவை பட்டன், கண்ணாடி மணி, உலோக வளையங்கள். பார்க்கிற இன்பமும் கிடைக்கும், நிறமும் போகாது.

எம்பிராய்டரி நூல் சிக்காம இருக்க என்ன பண்றீங்க?

துணி காயப்போடும் மரக் கிளிப். ஒரு கண்டு நூல் பொதுவாக 8 மீட்டர் நீளம், 6 இழை. அதன் ஒரு முனையைக் கிளிப்பின் வாயில் கவ்வக் கொடுத்து, மரத்தின் மேல் சுற்றி, கடைசி முனையையும் அதே வாயில் செருகிவிடுங்கள். ஆறு இழையிலிருந்து இரண்டு இழை பிரித்தெடுத்தபின் மிஞ்சுவதையும் அதே கிளிப்பில் மாட்டலாம். கம்பிச் சுருள் இருக்கும் இடத்தில் மட்டும் சுற்றாதீர்கள், ஈரக்காற்றில் அது துருப்பிடித்து நூலில் கறையாகும்.

கண்டின் மேல் உள்ள நிற எண்ணைப் பேப்பரைத் தூக்கிப் போடுமுன் கிளிப்பின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள். பாதி வேலையில் நூல் தீர்ந்து, "இது எந்தப் பச்சை?" என்று நிற்பவர்கள் எல்லாரும் இதை மறந்தவர்கள். அப்புறம், ரப்பர் பேண்ட் போடவே வேண்டாம். நாளானால் அது பிசுபிசுத்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். அதில் உள்ள கந்தகம் வெள்ளிக் கம்பியையும் வெள்ளி மணிகளையும் கறுக்கச் செய்யும்.

கம்பளி நூல் உருண்டை ஓடிக்கிட்டே இருக்கு. பூச்சியும் வருது.

ஓடாமல் இருக்க, மூடியும் மூக்கும் உள்ள பழைய டீ கெண்டி ஒன்று போதும். உருண்டையை உள்ளே போட்டு, நூலை மூக்கு வழியாக இழுங்கள். பின்னிக்கொண்டே போகலாம், உருண்டை உள்ளேயே புரளும். இரண்டு மூன்று நிறம் சேர்த்துப் பின்னுபவர்கள் காய்கறி வடிகட்டும் ஓட்டைக் கூடையைக் கவிழ்த்து, ஓட்டைக்கு ஒரு நூலாக வெளியே எடுக்கலாம். ஓட்டையின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

பூச்சி விஷயம்: அந்துப்பூச்சியின் புழு தின்பது ஆட்டு ரோமம், பட்டு போன்ற விலங்கு இழைகளை. சுத்தமான அக்ரிலிக் நூலும் பருத்தி நூலும் அதற்கு ருசிப்பதில்லை. எனவே எல்லா நூலையும் பூட்டி வைக்க வேண்டாம், உண்மையான கம்பளியை மட்டும் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ஏற்கெனவே புழு வந்துவிட்டதென்றால், காற்றை அழுத்தி வெளியேற்றிய பிளாஸ்டிக் கவரில் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் ஓடும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் நூல்மேல் ஈரம் கோக்காது.

காகிதத்தை நிமிர்த்தி வைக்கிறதா, படுக்க வைக்கிறதா?

கெட்டி அட்டையை நிமிர்த்தலாம், மெல்லிய காகிதத்தைப் படுக்கவைக்க வேண்டும். மெல்லியதை நிமிர்த்தினால் நடுவில் வயிறு தள்ளி அந்த வளைவு நிலைத்துவிடும். நிமிர்த்துவதற்குப் பழைய சீரியல் அட்டைப் பெட்டியைக் குறுக்கே சாய்வாக வெட்டினால் ஃபைல் ஸ்டாண்ட் தயார். ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 சென்டிமீட்டர் உயரம். வெட்டுவதற்கு முன் பெட்டி அதைவிட அகலமா என்று அளந்துகொள்ளுங்கள்.

அலமாரிப் பலகை நடுவுல தொய்யுது. பாட்டில்தானே வச்சேன்?

பாட்டிலோடு காகிதமும் வைத்திருப்பீர்கள். காகிதத்தின் எடையை யாரும் நினைப்பதே இல்லை. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கட்டு ஒன்று இரண்டரைக் கிலோ. பத்துக் கட்டு வைத்தால் 25 கிலோ.

பலகை தொய்வது நீளத்தைப் பொறுத்து வேகமாக ஏறும். ஒரே பலகை, நெடுகிலும் ஒரே மாதிரி பாரம் என்றால், தாங்கிகளுக்கு நடுவே உள்ள நீளம் இரு மடங்கானால் தொய்வு 16 மடங்கு. அதனால் தடிமனான பலகை தேடுவதற்கு முன் நடுவில் ஒரு தாங்கி கொடுங்கள். கனமானதைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். மேலே பஞ்சும் ரிப்பனும் இருக்கட்டும்.

பேனா, பிரஷ் எல்லாத்தையும் டம்ளர்ல நிறுத்தி வச்சா போதாதா?

பென்சிலுக்கும் கத்தரிக்கோலுக்கும் போதும். இரண்டு பக்கமும் முனை உள்ள ஆல்கஹால் மார்க்கரை நிறுத்தினால் மை ஒரு முனைக்கே இறங்கி மற்ற முனை வறண்டுவிடும், அதைப் படுக்கவைக்க வேண்டும். ஜெல் பேனா என்றால் முனை கீழே பார்க்கட்டும். ஒரே அளவு தகர டின்கள் ஆறேழு எடுத்துப் படுக்கவைத்து ஒட்டினால் மார்க்கருக்கு நல்ல அறைகள் கிடைக்கும். டிஷ்யூ குழல் நசுங்கிய பிறகு நான் மாறியது இதற்குத்தான்.

பிரஷ் காய்ந்திருந்தால் நிறுத்தலாம். ஈரமாக இருக்கும்போது முடி மேலே பார்க்க நிறுத்தினால் தண்ணீர் உலோகக் கழுத்துக்குள் இறங்கிப் பசையை இளக்கும். அப்புறம் முடி கொட்டுகிறது என்று பிரஷ் செய்தவரைத் திட்டுவோம். ஒரு துண்டின் மேல் படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

தகர டின் விளிம்பு கையை வெட்டுது. டேப் ஒட்டினா போதுமா?

தற்காலிகத்துக்குப் போதும். நிரந்தரத்துக்கு, விளிம்பின் உட்புறத்தை உப்புத்தாளாலோ அரத்தாலோ தேய்த்துவிட்டு, துணிப் பட்டை ஒன்றை உள்ளும் புறமும் மடித்து ஒட்டுங்கள். டின் எஃகா அலுமினியமா என்பதைக் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டினால் அது எஃகு, காந்தத் துண்டு வைத்து ஊசி, சின்னக் கத்தரிக்கோல் எல்லாம் மாட்ட அதன் வெளிப்பக்கமும் உங்களுக்கு இடம்தான்.

பாட்டில் மூடியை அலமாரி அடியில திருகி, பாட்டிலைத் தொங்கவிடலாம்னு பார்த்தேன். திறக்கும்போது மூடியே சேர்ந்து சுத்துது!

ஒரு ஸ்க்ரூ போட்டிருப்பீர்கள். நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ என்றால் அது அச்சாணி ஆகிவிடும், பாட்டிலைத் திருகத் திருக மூடியும் திரும்பும், கடைசியில் ஸ்க்ரூ கழன்று எல்லாம் தலையில் விழும். எனக்கு விழுந்தது குண்டூசி பாட்டில். இரண்டு ஸ்க்ரூ, இரண்டு விரல் இடைவெளி விட்டு. மூடித் தகடு மெல்லியது என்பதால் ஸ்க்ரூவின் தலைக்கடியில் வாஷர் போடுங்கள், இல்லையென்றால் தகடு கிழியும். ஸ்க்ரூவின் நீளம் பலகையின் தடிமனைவிடக் குறைவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், கூர்முனை மேல்தட்டில் எட்டிப் பார்க்கக் கூடாது.

இப்படித் தொங்குவதில் கனமில்லாத சாமான் மட்டும். உட்கார்ந்து வேலை செய்யும் தலைக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம்.

ஷூ டப்பாவுல வச்ச துணி மஞ்சளாயிடுச்சு. டப்பாவே காரணமா?

பெரும்பாலும் அதுதான். மலிவான அட்டையில் லிக்னின் என்ற மரப்பொருள் மிச்சம் இருக்கும், அமிலத்தன்மையும் இருக்கும். தொட்டுக்கொண்டிருக்கும் துணியையும் காகிதத்தையும் அது பழுப்பாக்கும். செய்தித்தாளும் இதே கதைதான், சுற்றி வைக்கப் பயன்படுத்தாதீர்கள். வெளுத்த பழைய பருத்தித் துணியைத் துவைத்து டப்பாவுக்குள் விரித்து வைத்தால் ஓரளவு தடுக்கும். முடித்து வைத்த வேலை, வெள்ளைத் துணி இவற்றை அட்டையில் வைக்காமல் இருப்பதே நல்லது.

ஈரம் உள்ள சுவரோரம் அட்டைப்பெட்டி வைத்தால் ராமபாணப் பூச்சியும் கரப்பானும் குடிவரும். அட்டையின் பசையும் மாவுப்பொருளும் அவற்றுக்கு உணவு. எனக்கு ஷூ டப்பா என்பது ரிப்பன், ஸ்டாம்ப், கருவிகள் வைக்கும் இடம் மட்டும்.

பாலிமர் களிமண்ணை ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பால வச்சேன். டப்பா உருகி ஒட்டிக்கிச்சு. ஏன்?

சுடாத பாலிமர் களிமண்ணில் அதை இளக்கமாக வைக்கும் ஒரு திரவம் இருக்கிறது. அது சில பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன், களிமண்ணுக்கு ஆகாது. 2, 4, 5 என்றால் பயமில்லை. எண்ணே இல்லாத, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கண்ணாடி போன்ற டப்பாவைச் சந்தேகப்படுங்கள். வினைல் அழிப்பான் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு பள்ளம் விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இதே கூத்துதான்.

சூப்பர் குளூ திறந்த ஒரு வாரத்துல கல்லாயிடுது.

அது காற்றின் ஈரத்தால்தான் இறுகும். வாசனை போன அந்த ஊறுகாய் பாட்டில் இதற்கு உதவும். ஷூ, பை இவற்றோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டு, குளூவை நிமிர்த்தி வைத்து இறுக மூடுங்கள்.

தின்னர், டர்பன்டைன் எல்லாம் காலி தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கலாமா? வீட்டுல சின்னப் பிள்ளைங்க உண்டு.

கூடவே கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிள்ளைகளும் குடிப்பார்கள், தூக்கக் கலக்கத்தில் பெரியவர்களும் குடிப்பார்கள். அது வந்த பாட்டிலிலேயே, அதன் லேபிளோடேயே, உயரத்தில் பூட்டி வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி டப்பாவில் போடாதீர்கள். காயும்போது அது சூட்டை வெளியிடும், சுருண்டு கிடந்தால் தானே தீப்பிடிக்கலாம். வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிட்ட பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும்.

விளக்கு வைத்த கைவேலைகளுக்கு வரும் பட்டன் பேட்டரியைப் பட்டன் டப்பாவில் போடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சின்னக் காந்தங்களும் அப்படித்தான், இரண்டு உள்ளே போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுக்கும்.

எல்லா டப்பாவுக்கும் லேபிள் ஒட்டணுமா?

உள்ளே தெரிந்தால் வேண்டாம். தெரியாததற்கு மாஸ்கிங் டேப்பும் பேனாவும் போதும். லேபிளை மூடியில் ஒட்டாமல் உடம்பில் ஒட்டுங்கள். மூடிகள் மாறிப்போகும்.

காலி டப்பா எதையும் தூக்கிப் போட மனசே வரல. எவ்வளவு சேர்க்கலாம்?

ஒரு பை. அது நிரம்பியதும் புதிதாக ஒன்று உள்ளே போக வேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். மூடி தொலைந்த டப்பா, டப்பா தொலைந்த மூடி இரண்டும் அன்றே போகட்டும். கண்டிப்பாகத் தோன்றலாம். முதல் கேள்வியில் சொன்ன வியாதி எனக்குத் திரும்பாமல் இருப்பது இந்தப் பையால்தான்.

அடுக்கி மூணு மாசத்துல பழையபடி ஆயிடுது. என்ன தப்பு பண்றேன்?

எடுக்கிற சிரமத்தைப் பார்த்து அடுக்கியிருப்பீர்கள், திருப்பி வைக்கிற சிரமத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வேலை முடிந்த களைப்பில் மூடி திறந்து, உள்ளே இன்னொரு மூடி திறந்து யாரும் வைப்பதில்லை. மேசைமேல் எந்தச் சாமான் அதிகம் சேர்கிறதோ அதன் டப்பாவின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, டப்பாவை டிராயரில் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். என் வீட்டில் கத்தரிக்கோல் அப்படித்தான் திருந்தியது.

எந்த வகையிலும் சேராத சாமானை என்ன செய்யறது?

அதற்கென்றே ஒரு டப்பா வையுங்கள், பெரிதாக வேண்டாம். நிரம்பியதும் அதே போர்வையை விரித்துக் கொட்டிப் பிரியுங்கள். போன மாதம் நான் கொட்டியபோது அடியில் ஒரு இஞ்ச் டேப் கிடந்தது. ஐந்தாவது.